வேகம் கூடியது சரி, எந்த மெஷினில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது ஒரு மாதிரியான செய்தி வருகிறது. பொறியியல் மாணவர்கள் நாலைந்து பேர், பக்கத்தில் துறைத்தலைவர், நடுவில் ஒரு லேப்டாப். கிளவுட் சர்வர்களுக்கு, அதாவது நெட் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கப் புதிய வழிமுறை கண்டிருக்கிறார்கள், வேகம் இத்தனை சதவீதம் கூடியது, மின்சாரம் இத்தனை சதவீதம் மிச்சம் என்று எழுதியிருக்கும். பிள்ளைகளின் படம் பேப்பரில் வருவதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒரு விவரம் எப்போதும் விடுபட்டுப்போகிறது. அந்தச் சதவீதம் எந்த மெஷினில் கிடைத்தது? பெரும்பாலும் எந்த சர்வரிலும் கிடைத்ததில்லை. படத்தில் இருக்கும் அந்த லேப்டாப்புக்குள் ஓடிய சிமுலேட்டரில், அதாவது சர்வர்களைப் போல நடித்துக் காட்டும் ஒரு புரோகிராமில், கிடைத்தது.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். கிரிட் லேப், அப்புறம் அது கிளவுட் லேபாக மாறியபோது அதுவும், என் பொறுப்பில்தான் இருந்துவருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் சிமுலேட்டரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிரிட் என்றால் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு நிறுவனங்களிடம் இருக்கும் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க் வழியாகச் சேர்த்து ஒரே பெரிய வேலைக்குப் பயன்படுத்துவது. இந்தியாவில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் நடத்திய கருடா கிரிட் 17 ஊர்களில் 45 நிறுவனங்களை இணைத்தது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துக்கும் அதில் பங்கு உண்டு. இப்படிப்பட்ட அமைப்பில் எந்த வேலையை எந்த ஊருக்கு அனுப்புவது என்று ஒரு புது யோசனை தோன்றினால், அதை நேராக அதன்மேலேயே சோதிக்க யாரும் விடமாட்டார்கள். விட்டாலும் பிரயோசனம் குறைவு. இன்று காலை இருந்த நெரிசல் நாளைக் காலை இருக்காது. அதனால் இரண்டு வழிமுறைகளை ஒரே சூழ்நிலையில் ஓட்டி ஒப்பிடவே முடியாது. ஆகவே கம்ப்யூட்டர்கள், இணைப்புகள், வேலைகள் எல்லாவற்றையும் எண்களாக்கி ஒரு புரோகிராமுக்குள் வைத்துக்கொள்கிறோம். அதற்குள் நேரம் நொடி நொடியாக நகராது. ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும். ஒரு வேலை 10 மணிக்கு ஆரம்பித்து 2 மணிக்கு முடியும் என்றால் நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்தைச் சிமுலேட்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காது. அதனால்தான் ஒரு மாத கிரிட் வாழ்க்கையை மதிய இடைவேளைக்குள் ஓட்டி முடிக்க முடிகிறது.

இந்த வகையில் நம் கல்லூரிகளில் அதிகம் தெரிந்த பெயர் கிரிட்சிம். ராஜ்குமார் புய்யாவும் மன்சூர் முர்ஷெத்தும் 2002இல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான சிம்ஜாவா என்ற எஞ்சினின் மேல் கட்டியது அது. ஒவ்வொரு வேலைக்கும் ‘கிரிட்லெட்’ என்று பெயர். எத்தனை மில்லியன் கட்டளைகள் நீளம், உள்ளே போகும் கோப்பு எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று கொடுக்க வேண்டும். கெடு தேதியும் பட்ஜெட்டும்கூட வைக்கலாம். கிரிட் டாலர் என்ற கற்பனைப் பணத்தில் செலவு செய்து வேலையை முடிக்கும் தரகர் ஒருவர் உள்ளே உண்டு. பிறகு காலம் கிரிட்டிலிருந்து கிளவுட்டுக்குப் போனது. மெல்போர்னில் புய்யாவின் குழு கிளவுட்டுக்கான சிமுலேட்டராகக் கிளவுட்சிம்மைக் கொண்டுவந்தது. கிரிட்லெட் கிளவுட்லெட் ஆனது.

அந்தக் கிளவுட்சிம்தான் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ரெகுலேஷனில் ஏழாம் செமஸ்டர் லேபுக்குள் வந்தது. சிஎஸ்8711 என்று பாட எண்ணைச் சொன்னால் அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதில் ஒரு பயிற்சி: கிளவுட்சிம்மில் ஒரு சூழலை உருவாக்கி, கிளவுட்சிம்மிலேயே இல்லாத ஒரு ஷெட்யூலிங் அல்காரிதத்தை, அதாவது எந்த வேலையை எந்த மெஷினுக்கு எப்போது கொடுப்பது என்ற வழிமுறையை, ஓட்டிக் காட்ட வேண்டும். இந்த வரியை எழுதியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ரெடிமேடாக இருப்பதை ஓட்டாதே, நீயே ஒன்றை எழுது என்கிறது அந்த வரி. நம் லேப் பாடத்திட்டத்தில் இப்படிக் கேட்கும் வரிகள் மிகக் குறைவு.

நடப்பது வேறு. ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் ஒரே அவுட்புட் ஒட்டியிருக்கும்: நேரம் 400, தொடக்கம் 0.1, முடிவு 400.1. கிளவுட்சிம் 3.0இன் முதல் உதாரண புரோகிராமை எதையும் தொடாமல் ஓட்டினால் வரும் விடை அது. வேலையின் நீளம் 4,00,000 மில்லியன் கட்டளைகள், மெஷின் நொடிக்கு 1,000 மில்லியன் கட்டளைகள் செய்யும். வகுத்தால் 400. ஆறாம் வகுப்புக் கணக்கு. இதற்கு ஜாவா எதற்கு, எக்லிப்ஸ் எதற்கு, ஏசி போட்ட லேப் எதற்கு என்று கேட்டால் எந்த மாணவனிடமும் பதில் இருக்காது. எக்ஸ்டர்னலாக வருபவரும் பத்து நோட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. அவர் கல்லூரியிலும் இதே 400.1தான்.

அதே புரோகிராமில் கோப்பின் அளவு என்று ஒரு எண் இருக்கும், 300 என்று. அதை 3 கோடியாக மாற்றி ஓட்டிப் பாருங்கள். முடியும் நேரம் அப்போதும் 400.1தான். மூன்று கோடி பைட்டை ஒரு கம்பி வழியாக அனுப்ப ஆகும் நேரம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை, அந்த உதாரணம் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. செலவுக் கணக்குக்கு மட்டும் அந்த எண்ணைத் தொடுகிறது. இது கிளவுட்சிம்மின் பிழை என்று நான் சொல்லவில்லை. முதல் உதாரணம் எளிமையாக இருக்க வேண்டும் என்று செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த உதாரணத்தை அடித்தளமாக வைத்து, மேலே எறும்புக் கூட்டம், தேனீக் கூட்டம், வௌவால் என்று உயிரினங்களின் நடத்தையைப் பார்த்து எழுதிய ஏதாவது ஒரு அல்காரிதத்தை ஏற்றி, ‘நேரம் குறைந்தது’ என்று கிராஃப் போட்டு, கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்துவிடுகிறார்கள். மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் பிராஜெக்ட் சென்டர்களில் இது ஒரு தனி வியாபாரம். கோடு, பிபிடி, ரிப்போர்ட், மூன்றும் சேர்த்து ஒரே ரேட்.

சிமுலேட்டரில் எதை விட்டோம் என்று தெரியாமல் அதன் விடையை நம்புவதால் வரும் கோளாறு நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெரிய இடத்திலும் இதன் சாயல் உண்டு. ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் எல்எச்சி என்ற துகள் மோதல் இயந்திரம் ஓட ஆரம்பிக்கும் முன்பே, 1990களின் கடைசியில், அதன் தரவை உலகம் முழுக்க எப்படிப் பங்கிடுவது என்று பார்க்க மொனார்க் என்ற சிமுலேஷன் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் வழியில் அடுக்கடுக்கான அமைப்பு பிறந்தது. செர்ன் மேலே, அதற்குக் கீழே பெரிய மையங்கள், அவற்றுக்குக் கீழே சிறிய மையங்கள். நம் கொல்கத்தாவின் விஈசிசி, மும்பையின் டிஐஎஃப்ஆர் ஆகிய ஆய்வு நிறுவனங்கள் அந்தச் சிறிய மையங்களின் அடுக்கில் இருக்கின்றன. நாடுகளுக்கு இடையிலான நெட்வொர்க்தான் பலவீனமான இடம், அதனால் தரவு மேலிருந்து கீழே வரிசைப்படி இறங்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். 2010இல் எல்எச்சி முழுவீச்சில் தரவு கொடுக்கத் தொடங்கிய பிறகு பார்த்தால், நெட்வொர்க் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. கண்டிப்பான வரிசையைத் தளர்த்தினார்கள். சிறிய மையம் தன் மேல் மையத்தை மட்டும் நம்பாமல் வேறு மையத்திலிருந்தும் தரவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. மொனார்க் வீண் என்று யாரும் சொல்லவில்லை. அது இல்லாமல் அந்த அமைப்பைத் திட்டமிட்டிருக்கவே முடியாது. ஆனால் நிஜம் வந்ததும் அதோடு ஒப்பிட்டார்கள், மாற்றினார்கள்.

சிம்கிரிட் என்று இன்னொரு சிமுலேட்டர் இருக்கிறது. நம் பக்கத்தில் யாரும் தொடுவதில்லை. ஹென்றி கசனோவா கலிபோர்னியாவில் ஆரம்பித்தது, 2001இல் முதல் கட்டுரை, பிறகு பெரும்பாலும் பிரான்சில் வளர்ந்தது. அதன் நெட்வொர்க் கணக்கு எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க்கில் கோப்பு பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகும். ஒரு ஜிபி கோப்பு 1,500 பைட் பாக்கெட்டுகளாகப் போனால் ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் பாக்கெட். ஒவ்வொரு பாக்கெட்டையும் பின்தொடர்ந்தால் சிமுலேட்டர் நகரவே நகராது. அதனால் பாக்கெட்டை மறந்துவிட்டு, ஒரு குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். இதில்தான் பல கருவிகள் சறுக்குகின்றன. ஒரு கம்பியை நாலு பரிமாற்றங்கள் பகிர்ந்தால் ஆளுக்குக் கால் பங்கு என்று சமமாக வெட்டிவிடுகிறவை உண்டு. அந்த நாலில் ஒன்று வேறு எங்கோ இருக்கும் மெதுவான இணைப்பால் ஏற்கெனவே கட்டுப்பட்டிருந்தால், அதற்குக் கொடுத்த கால் பங்கில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும். நிஜ நெட்வொர்க்கில் அந்த மீதியை மற்ற மூன்றும் எடுத்துக்கொள்ளும். தவிர, நிஜத்தில் பங்கு சமமாகவும் இருக்காது. தூரத்துச் சர்வருக்குப் போய்த் திரும்ப அதிக நேரம் எடுக்கும் பரிமாற்றத்துக்குக் குறைவாகக் கிடைக்கும். சிம்கிரிட் குழு தங்கள் கணக்கை பாக்கெட் அளவில் ஓடும் சிமுலேட்டர்களோடு வைத்து ஒப்பிட்டது. எங்கே பொருந்துகிறது என்பதோடு நிற்காமல், எங்கே பொய்க்கிறது என்றும் தேடிப் போய்ப் பார்த்து 2013இல் கட்டுரையாகவே வெளியிட்டது. தன் கருவி எங்கே தவறும் என்பதைத் தானே எழுதி வைப்பவரை நம்பி வேலை செய்யலாம்.

அடுத்தது வேலைகளின் வரிசை. நம் மாணவர்கள் ரேண்டம் ஃபங்க்ஷனைக் கூப்பிட்டு நூறு வேலைகளை உருவாக்குவார்கள். எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு, எல்லாம் பூஜ்யம் நொடியில் வந்து நிற்கும். நிஜ கம்ப்யூட்டர் மையத்தில் அப்படியா வேலை வருகிறது? பகலில் குவியும், இரவில் குறையும். ஒரே ஆள் ஒரே மாதிரி நூறு வேலைகளைச் சேர்த்துக் கொட்டுவார். பத்து நிமிஷத்தில் முடியும் வேலைக்கு ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று நாலு மணி நேரம் கேட்டு வைப்பார். இதெல்லாம் நான் கற்பனையில் சொல்லவில்லை. ஜெரூசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ட்ரோர் ஃபைட்டல்சன் பராமரிக்கும் தொகுப்பில் பல சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களின் உண்மையான வேலைப் பதிவுகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் கிரிட்டுகளுக்கென்றே ஒரு தொகுப்பு. பதிவிறக்கப் பைசா கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவை உள்ளே கொடுத்து ஓட்டினால், ரேண்டம் வேலைகளில் ஜெயித்த பல அல்காரிதங்கள் பழைய ‘முதலில் வந்தவருக்கு முதலில்’ வரிசையைத் தாண்டவே திணறும். எங்கள் லேபிலேயே பார்த்திருக்கிறேன்.

லேப் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2013 ரெகுலேஷனில் கிளவுட்சிம் இல்லை. கிரிட் அமைக்கும் நிஜமான மென்பொருளான குளோபஸ் டூல்கிட்டை நிறுவ வேண்டும். டிஜிட்டல் அடையாளச் சான்றான சர்டிஃபிகேட்டை உருவாக்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, மெஷின்கள் ஒன்றையொன்று நம்பும்படி செய்ய வேண்டும். ஏதாவது ஒரு மெஷினில் கடிகாரத்தை ஓடவைக்கும் சீமாஸ் பேட்டரி செத்திருக்கும். அதன் தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். ‘இந்தச் சர்டிஃபிகேட் இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்று எரர் வரும். பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இருபது ரூபாய் பேட்டரிக்காக ஒரு முழு லேப் பீரியட் போகும். கிளவுட்சிம் வந்தபோது நாங்கள் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இதுதான். ஆனால் ஊர் ஊராகப் பரவிக் கிடக்கும் கம்ப்யூட்டர்களில் கடிகாரம் ஒத்துப்போகாது, ஒன்று நடுவில் அணைந்துபோகும் என்று பிள்ளைகள் கற்றது அந்தப் பேட்டரியிடம்தான். சிமுலேட்டருக்குள் நாமாகச் சொன்னால் ஒழிய எந்த மெஷினும் சாகாது, மின்வெட்டு வராது.

இனி என் கோரிக்கை. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் உங்கள் வாசகர்கள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். அந்தக் கிளவுட்சிம் பயிற்சியை எடுக்க வேண்டாம். அதோடு ஒரு வரி சேர்த்தால் போதும்: சிமுலேட்டரில் ஓட்டிய வேலையை லேபில் உள்ள மெஷின்களில் ஒருமுறை ஓட்டி, இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும், வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இதை நான் செய்துபார்த்திருக்கிறேன். பெரிய தரவைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கும் மென்பொருள் ஹடூப். அதே லேபில் அதில் சொல் எண்ணும் பயிற்சியும் உண்டு. ஆகவே புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. தலா 200 எம்பி அளவில் இருபது உரைக் கோப்புகளை ஒரு மெஷினில் வைத்தோம். இருபது மெஷின்கள் ஆளுக்கு ஒரு கோப்பை எடுத்துச் சொற்களை எண்ணித் திருப்பித் தர வேண்டும். கிளவுட்சிம் சொன்னது, இருபதில் ஒரு பங்கு நேரம். அழகாக, புள்ளி பிசகாமல். நிஜத்தில் நடந்தது என்ன? மெஷின்களை இணைக்கும் எங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். கோப்புகள் இருந்த மெஷினிலிருந்து வெளியே வரும் கம்பி ஒன்றே ஒன்று. நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் அதில் எதுவும் போகாது. மொத்தம் 4,000 எம்பி என்றால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலே 320 நொடி. ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருபது மெஷின்களும் சும்மா காத்துக்கொண்டிருந்தன. கோப்புகள் இருந்த அந்த ஒற்றை மெஷினே உட்கார்ந்து எண்ணியிருந்தால் அதற்கு முன்பே முடித்திருக்கும். ஹடூப் ஏன் தரவு இருக்கும் இடத்துக்கு வேலையை அனுப்புகிறது என்று போர்டில் எத்தனையோ முறை எழுதிப் போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் பின் பெஞ்சுக்கும் புரிந்தது.

அதோடு விடவில்லை. கிளவுட்சிம்முக்குள் வேலைகளைப் பங்கிடும் தரகரான புரோக்கரின் கோடில் கோப்பு வந்து சேர ஆகும் நேரத்தையும், ஒரே கம்பிக்கு வரிசையில் நிற்பதையும் பிள்ளைகளே சேர்த்தார்கள். மறுபடி ஓட்டியதும் கிளவுட்சிம்மின் எண் நிஜத்தோடு ஒட்டி வந்தது. அதன் பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளே வேறு. ஸ்விட்ச்சை ஜிகாபிட்டாக மாற்றினால்? கோப்புகளை நாலு மெஷினில் முன்கூட்டியே பிரித்து வைத்தால்? அந்த ஸ்விட்ச் எங்களிடம் கிடையாது, வாங்கித் தரக் கேட்டால் நிர்வாகம் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்னும். சிமுலேட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஐரோப்பிய டேட்டாகிரிட் திட்டத்துக்காக ஆப்டர்சிம் என்ற கருவியைச் செய்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான்: எந்தக் கோப்பின் நகலை எந்த ஊரில் வைத்தால் காத்திருப்பு குறையும்? எங்கள் பிள்ளைகள் அந்தக் கேள்விக்குத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள்.

நேரம் இல்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். செமஸ்டர் வேலை நாட்கள் எப்படிச் சுருங்கிப்போகின்றன என்று எனக்கும் தெரியும். ஆனால் இந்தப் பயிற்சிக்கு இரண்டு லேப் பீரியடுக்கு மேல் ஆகாது. குளோபஸ் காலத்தில் பேட்டரிக்கே அதைவிட அதிகம் போனது.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த முறை ‘வேகம் கூடியது’ என்று ஒரு கல்லூரியிலிருந்து செய்திக் குறிப்பு வரும்போது, உங்கள் நிருபர் மூன்று விஷயம் கேட்கட்டும். நிஜ மெஷினில் ஓட்டினார்களா, சிமுலேட்டரிலா? சிமுலேட்டர் என்றால், தரவு நகரும் நேரம் கணக்கில் இருக்கிறதா? வேலைகள் உண்மையான பதிவிலிருந்து வந்தவையா, ரேண்டமா? பதில் எதுவாக இருந்தாலும் படத்தைப் போடுங்கள். பதிலையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத உதவிப் பேராசிரியை,
விருதுநகர் மாவட்டம்.